பழைய லேப்டாப்புக்கு எந்த ஃபயர்வால்?

பூதப்பாண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் பல வீடுகளில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர், 2011க்குப் பிறகு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பாகவோ, நாகர்கோவிலில் செகண்ட் ஹேண்டாக வாங்கியதாகவோ இருக்கும். பிள்ளை வேலைக்கு வெளியூர் போயிருப்பான், லேப்டாப் அப்பாவிடம் தங்கியிருக்கும். கரண்ட் பில் கட்டவும் பேத்தியோடு வீடியோவில் பேசவும் அது போதும். என்ன, மெதுவாக ஓடும். இதில் எடை குறைந்த ஃபயர்வால் ஒன்று போடலாமா, போட்டால் எதைப் போடுவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சுருக்கமான பதில், விண்டோஸோடு வந்த ஃபயர்வாலே போதும் என்பதுதான். அதைவிட எடை குறைந்தது கிடையாது. அது தனி புரோகிராமாக வந்து உட்காருவதில்லை, விண்டோஸின் உள்ளேயே ஓடுகிறது. கம்ப்யூட்டர் திணறுவதற்கு ஃபயர்வால் காரணமாக இருப்பது அபூர்வம். வருகிற தகவல் துண்டு எந்த முகவரியிலிருந்து வருகிறது, எந்த போர்ட்டுக்குப் போகிறது என்று பார்ப்பது சின்ன வேலை. திறக்கிற ஒவ்வொரு ஃபைலையும் குடைந்து பார்க்கும் ஆன்டிவைரஸ்தான் பழைய ஹார்டு டிஸ்க்கை மூச்சுவாங்க வைக்கிறது. 'டோட்டல் செக்யூரிட்டி' என்று பெட்டியில் விற்கும் தொகுப்பில் இரண்டும் சேர்ந்தே வருவதால் பழி இரண்டுக்கும் போகிறது.

ஒரு கம்ப்யூட்டருக்கு 65,536 போர்ட் எண்கள் உண்டு. தோவாளைச் சானலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தாலும் மடை திறந்த வயலுக்குள்தான் பாயும். போர்ட்டும் அப்படித்தான். ஏதோ ஒரு புரோகிராம் அந்த எண்ணில் காத்திருந்தால்தான் வெளியிலிருந்து வருவது உள்ளே இறங்க முடியும். ஃபயர்வால் அதற்கு மேல் ஒரு கணக்கும் வைத்திருக்கிறது. நீங்கள் ஒரு தளத்தைத் திறந்தால், கேட்டது இந்தக் கம்ப்யூட்டர்தான் என்று குறித்துக்கொண்டு, திரும்பி வரும் பதிலை விடும். கேட்காமல் வருவதைத் தள்ளிவிடும். விண்டோஸ் ஃபயர்வாலின் இயல்பு நிலையும் இதுதான்: விதி இருந்தால் ஒழிய வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. உள்ளிருந்து வெளியே போவதையோ, விதி போட்டுத் தடுக்காதவரை அது கண்டுகொள்ளாது. இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம், பிறகு வருகிறேன்.

முன்பு நிலைமை இப்படி இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி 2001இல் வந்தபோதே அதில் ஒரு ஃபயர்வால் இருந்தது, ஆனால் அணைத்தே வைத்திருந்தார்கள். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு வந்தது. மெயில் திறக்க வேண்டாம், எதையும் கிளிக் செய்ய வேண்டாம். ஓட்டையை அடைக்காத கம்ப்யூட்டர் இணையத்தில் இருந்தால் போதும், 135ஆம் போர்ட் வழியாக ஏறிவிடும். 60 விநாடியில் அணையப்போகிறது என்று ஒரு பெட்டி திரையில் வந்து எண்ணத் தொடங்கும். அடுத்த ஆண்டு சாஸர் என்ற இன்னொரு புழு. அதன்பிறகு 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2தான் ஃபயர்வாலை இயல்பாகவே போட்டு வைத்தது. பிஎஸ்என்எல் 2005 ஜனவரியில் டேட்டாஒன் பிராட்பேண்ட் தொடங்கிய காலத்தில் பல வீடுகளில் மோடம் வெறும் பாலமாக நிற்கும், கம்ப்யூட்டரே டயல் செய்து நேராக இணையத்தில் போய் நிற்கும். அந்த நாளில் ஸோன்அலாரம் மாதிரி ஒன்றைத் தனியாகப் போட்டவர் விவரமானவர். இன்றும் 'நல்ல ஃபயர்வால் தனியாக வாங்க வேண்டும்' என்று சொல்பவர்களின் பேச்சில் அந்தக் காலம் மிச்சமிருக்கிறது.

இப்போது ஃபைபர் இணைப்போடு வரும் பெட்டியே ரவுட்டராகவும் இருக்கிறது. வீட்டுக் கருவிகள் எல்லாம் அதன் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்பதால், வெளியிலிருந்து தட்டுபவருக்கு முதலில் ரவுட்டர்தான் தென்படும். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வந்தபின் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கிடைத்துவிடுகிறது. அப்போது காப்பது ரவுட்டருக்குள் இருக்கும் ஃபயர்வால். அதை யாராவது அணைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ரவுட்டர் இருந்தும் கம்ப்யூட்டரில் ஃபயர்வால் வேண்டுமா? வேண்டும். 2017 மே 12 அன்று கிளம்பிய வானாக்ரை என்ற புழு, 445ஆம் போர்ட் வழியாக ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். கோயில் கொடைக்கு வந்த சொந்தக்காரப் பையனின் லேப்டாப்பும் உங்கள் வைஃபையில்தான் ஏறுகிறது. அதனால் 'பப்ளிக்', 'பிரைவேட்' என்று விண்டோஸ் கேட்கும்போது, பிரிண்டரையோ ஃபைலையோ வேறு கம்ப்யூட்டரோடு பகிர வேண்டிய தேவை இல்லாதவர்கள் வீட்டிலும் பப்ளிக்கையே தேர்ந்தெடுக்கலாம். ஒன்றும் கெட்டுவிடாது.

வெளியே போவதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அதற்கு நம் பக்கத்து மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2019 அக்டோபர் கடைசியில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தீநிரல் புகுந்ததாகச் செய்தி பரவியது. முதலில் நிலையத்தின் தரப்பில் மறுப்பு. மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தங்களுக்குத் தகவல் கொடுத்ததாகவும், மாட்டியது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த நெட்வொர்க்கில் ஒரு பயனரின் கம்ப்யூட்டர் என்றும், உலையை இயக்கும் பகுதி அதிலிருந்து தனியே பிரித்து வைக்கப்பட்டது என்றும் சொன்னது. அந்த நிரலை டிட்ராக் வகை என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். டிட்ராக் எதையும் உடைப்பதில்லை, வேவுதான் பார்க்கும். தட்டும் எழுத்துகள், பார்த்த தளங்கள், ஓடும் புரோகிராம்கள், ஃபைல் பட்டியல் என்று சேகரிக்கும்.

வீட்டுக்கு யாரும் இப்படி ஆள் வைத்து வேவு பார்க்கப்போவதில்லை. ஆனால் வேலை நடக்கும் விதம் ஒன்றுதான். கிராக் செய்த புரோகிராமிலோ, ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்த பென் டிரைவிலோ வரும் சில்லறைத் திருடனும் உள்ளே வந்தபின் வெளியே பேச முயல்வான். விண்டோஸ் ஃபயர்வால் இயல்பு நிலையில் அதை நிறுத்தாது. எடை குறைந்த துணைக்கருவிகளுக்கு வேலை இருக்கும் இடம் இது ஒன்றுதான்.

விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸின் உள்ளே வடிகட்டும் எந்திரம் ஒன்று இருக்கிறது. நல்ல துணைக்கருவிகள் தமக்கென்று ஓர் எந்திரத்தைக் கொண்டுவராமல் அதற்கே கட்டளை கொடுக்கின்றன, சில மெகாபைட் அளவுக்குள் அடங்கிவிடுகின்றன. மூன்றைச் சொல்லலாம். டைனிவால் இலவசம். அது பாப்-அப் காட்டாது. நீங்கள் அனுமதித்த புரோகிராம்கள் தவிர மற்றதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். சிம்பிள்வாலும் இலவசம். இது கேட்கும், எந்த புரோகிராம் எங்கே போகப் பார்க்கிறது என்று காட்டும். விண்டோஸ் ஃபயர்வால் கன்ட்ரோல், 2018இல் மால்வேர்பைட்ஸ் கைக்குப் போனது, விண்டோஸ் விதிகளையே எளிதாகக் கையாள ஒரு முகப்பு. எதை எடுத்தாலும் அதை உருவாக்கியவரின் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்குங்கள், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்றும் பாருங்கள்.

வீட்டுக்கு வீடு பதில் மாறும். பெரியவர் மட்டும் புழங்கும் லேப்டாப்பில் ஒன்றுமே கூடுதலாகப் போட வேண்டாம். டைனிவால் போட்டால் ஒருநாள் வீடியோ கால் வராது, ஏன் என்று திரையில் எதுவும் இருக்காது, பெங்களூரிலிருக்கும் மகனுக்கு போன் போகும். சிம்பிள்வால் போட்டால் புரியாத பெயர்களோடு கேள்வி வரும், எல்லாவற்றுக்கும் 'அலவ்' அழுத்துவார். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் சிம்பிள்வால் போடலாம். தன் கம்ப்யூட்டர் யாரோடெல்லாம் பேசுகிறது என்று தெரிந்துகொள்ளவே அது பயன்படும். நீக்கும்போது மட்டும் முதலில் வடிகட்டியை அணைத்துவிட்டு நீக்க வேண்டும். புரோகிராம் போனபிறகும் விதிகள் தங்கி நெட் வராமல் போகும் தொல்லை அப்படித்தான் வருகிறது.

இந்தத் துணைக்கருவிகளின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். பிரவுசருக்கு அனுமதி கொடுத்துவிட்டால், பிரவுசரில் நீங்களே போய் ஒரு போலி வங்கிப் பக்கத்தில் பாஸ்வேர்டு கொடுப்பதை எந்த ஃபயர்வாலும் தடுக்காது. 'பேங்கிலிருந்து பேசுகிறோம், எனிடெஸ்க் போடுங்கள்' என்று சொல்பவனும் அப்படியே. எனிடெஸ்க் தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் புரோகிராம், அதைப் போட்டு அவனை உள்ளே விடுவது நாம்தான். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே இதைப் பற்றி எச்சரித்தது. பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும், ஃபயர்வாலை நோண்டிக்கொண்டிருக்கக் கூடாது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலேயே. திருத்தம் வராத விண்டோஸில் எந்த ஃபயர்வால் போட்டாலும் ஓட்டை ஓட்டைதான். லேப்டாப் பழசு, விண்டோஸ் 11 ஏறாது என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். அதிலும் ஃபயர்வால் கூடவே வருகிறது, ஆனால் அணைந்திருக்கும். மெனுவில் 'ஃபயர்வால்' என்று தேடி, திறந்து, சுவிட்சைப் போட்டால் உள்ளே வருவது தடை, வெளியே போவது அனுமதி என்று அமைந்துவிடும். வேறு எதையும் தொட வேண்டாம்.

விண்டோஸிலேயே இருப்பவர்கள் இன்றே பார்க்க வேண்டியது ஒன்று. பிரிண்டர் ஓடவில்லை என்று கூப்பிட்டால் வருகிற தம்பி, "ஃபயர்வாலை ஆஃப் பண்ணிட்டேன் அண்ணாச்சி, இனி பிரிண்ட் வரும்" என்று சொல்லிவிட்டுப் போவதுண்டு. திரும்பப் போட யாருக்கும் ஞாபகம் இருக்காது. 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து ஃபயர்வால் பகுதிக்குப் போனால் டொமைன், பிரைவேட், பப்ளிக் என்று மூன்று இருக்கும். மூன்றும் ஆன் ஆகியிருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸின் பெயர் அங்கே தெரிந்தால், ஃபயர்வால் வேலையை அது எடுத்துக்கொண்டிருக்கிறது. அதன் சந்தா எப்போது முடிகிறது என்று பாருங்கள். முடிந்திருந்தால் அதை முழுவதும் நீக்கிவிட்டு விண்டோஸுடையதைப் போடுங்கள், இரண்டையும் சேர்த்து ஓட்ட வேண்டாம்.

அதே பக்கத்தில் 'ஒரு ஆப்பை அனுமதி' என்ற பட்டியலும் இருக்கும். எப்போதோ விளையாடிய கேம், எப்போதோ போட்ட டாரன்ட் புரோகிராம் எல்லாம் டிக்கோடு நிற்கும். தெரியாததற்கும் தேவையில்லாததற்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். சிம்பிள்வால் போட்டவர்கள், அது கேட்கும்போது 'எஸ்விசிஹோஸ்ட்' என்ற பெயரில் வருவதை மட்டும் தடுக்காதீர்கள், அப்டேட் உட்பட விண்டோஸின் பாதி வேலை அதன் வழியாகத்தான் நடக்கிறது. எதையோ மாற்றி நெட் நின்றுபோனால் பதற வேண்டியதில்லை. பக்கத்தின் அடியில் இயல்பு நிலைக்கு மீட்கும் பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் நீங்கள் போட்ட விதிகள் எல்லாம் போய், முதல்நாள் விண்டோஸ் போட்டபோது இருந்தபடி வந்துவிடும்.