குரலா, மூச்சா?

நெய்யூர் மருத்துவமனையில் பல்லாண்டுகள் அறுவை மருத்துவராகத் தொண்டாற்றிய டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல், 1924-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் எவரெஸ்ட் மலையில் சுமார் 28,000 அடி வரை ஏறித் திரும்பும் வழியில், மூச்சடைத்துப் பனியில் அமர்ந்துவிட்டார். கடுங்குளிரால் சிதைந்த குரல்வளையின் உட்சவ்வு பெயர்ந்து வழியை அடைத்துக்கொண்டது. முன்னே சென்ற தோழர் அதனை அறியார். இரு கைகளாலும் தம் மார்பை அழுத்தினார்; சவ்வு வெளிவந்தது; உயிர் பிழைத்தார். குரல்வளை எத்துணைக் குறுகிய வாயில்!

அவ்வாயிலின் இரு கதவுகளே குரல்நாண்கள். மூச்சுவிடும்போது அகன்றும், பேசும்போது நெருங்கியும், விழுங்கும்போது மூடியும் அவை பணிபுரிகின்றன. அவற்றை இயக்கும் நரம்பு மார்புக்குள் இறங்கி, இடப்புறத்தில் பெருந்தமனியைச் சுற்றி வளைந்து, மீண்டும் மேலேறித் தைராய்டு சுரப்பியை ஒட்டிச் செல்கிறது. ஆதலின் தைராய்டு அறுவையில் நேரும் ஊறு, கழுத்திலோ மார்பிலோ தோன்றும் கட்டி முதலியவற்றால் நாண்கள் முடங்கக்கூடும்.

ஒரு நாண் மட்டும் முடங்கினால் குரல் கம்மும்; நீர் பருகினாலும் புரையேறும். வாய்வழியே உள்நோக்குக் கருவியைச் செலுத்தி, அந்நாணில் கொழுப்பு போன்றதொரு பொருளை ஊசியால் ஏற்றி நடுவே கொணர்ந்தால் குரல் தெளியும்.

இரண்டும் நடுவே முடங்கினாலோ, குரல் ஏறத்தாழ நன்றாகவே இருக்கும், மூச்சுதான் திணறும். உள்ளிழுக்கும்போது எழும் ஒலியை இளைப்பு நோயென மயங்குவோர் உண்டு. கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவது பழைய முறை. அவசர வேளையில் இன்றும் அதுவே உயிர்காக்கும். 1989-இல் டென்னிஸ், கஷிமா என்னும் மருத்துவர்கள் வேறொரு முறையை வெளியிட்டனர். வாய்வழியே லேசர் கதிரைச் செலுத்தி, ஒரு நாணின் பின்பகுதியை மட்டும் வெட்டி வழியை அகலப்படுத்துவதே அது. கழுத்தில் கீறல் இல்லை. பலர் குழாயினின்றும் விடுதலை பெறுகின்றனர்.

ஆயினும் இதற்கு விலை உண்டு. வழி அகலும் அளவுக்குக் குரல் தேயும். மிகுதியாய் அகன்றால் உணவு மூச்சுக்குழலில் புகும். வெட்டியதை மீண்டும் ஒட்டவும் இயலாது. ஆதலின் நரம்பு தானே தேறுமா என்று சில திங்கள் காத்திருந்து, பின்னர் சிறிதே வெட்டி, போதாதெனில் மேலும் வெட்டுவர்.

குரலால் பிழைக்கும் ஆசிரியரும், கட்டுமரம் தள்ளி வலை இழுக்கும் மீனவரும் ஒரே விடை கூறமாட்டார்கள். எவ்வளவு குரலை ஈந்து எவ்வளவு மூச்சைப் பெறுவது என்பதை, வீட்டார் முடிவுசெய்யுமுன் நோயாளியிடமே கேட்பது முறை. மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கம்மினால் கைமருந்தோடு நில்லாது, காது மூக்கு தொண்டை மருத்துவரை நாடுங்கள். மூச்சிழுக்கும்போது ஒலி எழுந்து திணறினால், ஒரு நாளும் தாழ்த்தாதீர்கள்.