கை என்புகளும் பால் நிர்ணயமும்

மன்னார் நகர நுழைவாயிலில் சதொச கட்டடம் இருந்த காணியில், 2018 மார்ச் மாதம் புதிய கட்டட வேலையின்போது மனித என்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கட்டளைப்படி சட்ட வைத்திய அதிகாரியின் தலைமையில் நடைபெற்ற அகழ்வில் 300 இற்கும் மேற்பட்ட வன்கூடுகள் மீட்கப்பட்டன. காணாமற்போனோரின் உறவினர்கள் கேட்டது "இது யார்?" என்பதையே. அதற்கு விடை காணுமுன் பால், வயது, உயரம், இறந்த காலம் ஆகியவற்றை அறிய வேண்டும். இங்கு பாலை மட்டும் நோக்குவோம்.

பாலை அறியச் சிறந்தது இடுப்பு வளையம். மகப்பேற்றுக்கு ஏற்ப பெண்ணில் அது அகன்றிருக்கும். ஆனால் புதைகுழியில் அது நொறுங்கியிருக்கலாம். அவ்வேளையில் கை உதவும். ஒரு கையில் மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14 என 27 என்புகள் உள்ளன. இரு கைகளிலும் 54. உடலின் 206 என்புகளில் இது கால்வாசிக்கும் அதிகம்!

பூப்புப் பருவத்தில் ஆண்களின் வளர்ச்சி நீண்ட காலம் தொடர்வதால் அவர்களது கை சராசரியாக நீளமும் அகலமும் கூடியது. முழுமையான கையாயின் மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை நீளம் அளக்கப்படும். வன்கூடாயின் ஒவ்வோர் என்பும் தனித்தனியே அளக்கப்படும்.

கணக்கிற்காக, ஓர் ஊரில் ஆண்களின் சராசரிக் கை நீளம் 18.8 cm, பெண்களினது 17.2 cm எனக் கொள்வோம். இவற்றின் இடைப்பெறுமானம் 18.0 cm பிரிகோடாகும். 17.8 cm நீளமான கை பெண்ணுடையதா? "பெண்ணாக இருக்கலாம்" என்பதே சரியான விடை. சிறிய கையுடைய ஆண்களும் பெரிய கையுடைய பெண்களும் உள்ளனர் அல்லவா? பல மாணவர்கள் "ஆகும்" என எழுதிப் புள்ளியை இழப்பது இங்குதான். மேலும், ஐரோப்பியருக்கு வகுத்த பிரிகோட்டை நம்மவருக்குப் பயன்படுத்தினால் நமது ஆண்கள் பலர் பெண்களாகக் கணிக்கப்படுவர். உடலளவு குடித்தொகைக்குக் குடித்தொகை வேறுபடும்.

இறந்த காலத்தைக் கை கூறாது. மன்னாரில் அதற்காக 6 மாதிரிகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. 2019 இல் கிடைத்த காபன் சோதனை முடிவு அவற்றை 15 ஆம், 17 ஆம் நூற்றாண்டுகளுக்கு இடைப்பட்டவை என்றது. உறவினர் தரப்பு அதனைக் கேள்விக்குட்படுத்தியது.

அங்கு மீட்கப்பட்டவற்றுள் இருபதுக்கும் மேற்பட்டவை சிறுவர்களுடையவை. பூப்படையாத கையில் ஆண், பெண் வேறுபாடு மிகச் சிறிது; அளவுகோல் பயன்படாது. அங்கு பல்லிலிருந்து டீ.என்.ஏ. பெறப்படும். பல் மிளிரி உருவாக்கத்திற்குரிய பரம்பரையலகு X, Y ஆகிய இரு நிறமூர்த்தங்களிலும் சிறிய நீள வேறுபாட்டுடன் காணப்படுகிறது. இரு நீளங்களும் கிடைத்தால் அது பையன். ஒன்று மட்டுமெனில் பெரும்பாலும் சிறுமி.