அணைக்கட்டில் ஒரு கோல்ஃப் பிளான்!

ஜேடர்பாளையம் அணைக்கட்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பேப்பரில் சுடச்சுட வறுத்த மீன். முள்ளை எடுத்துக்கொண்டே ஆபீஸ் நண்பர் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"சார், கடலோரமா ஒரு நாளாவது கோல்ஃப் ஆடிடணும்!"

எனக்குப் புரையேறிவிட்டது. மனிதர் இதுவரை ஆடியது கேரம் மட்டும்தான். ஆனாலும் பைக்குக்காகச் சேர்த்த பணத்தை இதற்கு எடுக்கப் போகிறாராம். சரியென்று பிளான் போட உட்கார்ந்தோம்.

எங்கே போவது? கோல்ஃபின் தாய்வீடு, ஸ்காட்லாந்துக் கடலோரத்து செயின்ட் ஆண்ட்ரூஸ். ஆட்டத்துக்கு 18 குழி என்ற கணக்கு 1764-ல் அங்கேதான் பிறந்தது. ஏதோ சீமான் வீட்டுத் தோட்டமில்லை, பொது இடம். ஞாயிற்றுக்கிழமை பழைய மைதானத்தில் ஆட்டத்துக்கு லீவு. ஊர்ஜனம் காலாற நடக்கலாம். ஆனால் விமான டிக்கெட் விலையைப் பார்த்ததும் நண்பர் முகம் ஆறிய மீன் மாதிரி ஆனது.

பக்கத்தில்? இலங்கையின் தென்கரையில் அம்பாந்தோட்டை. 2004 சுனாமியில் கடுமையாக அடிபட்ட ஊர். அங்கே ஷங்ரிலா ஹோட்டலின் 18 குழி மைதானம் 2016-ல் திறந்தது. திருச்சியில் விமானம் ஏறினால் கொழும்பு. அங்கிருந்து தெற்கு விரைவுச்சாலை.

பேப்பரின் பின்பக்கம் லிஸ்ட் தயாரானது:

* வெளிநாட்டுக்கு எல்.டி.சி. கிடையாது. பாஸ்போர்ட், விசாவை முதலில் பார்க்கவும்.

* மட்டை 14-க்கு மேல் கூடாது என்பது ஆட்டத்தின் சட்டம். வாங்காதீர்கள்; வாடகைக்கு உண்டா என்று கேளுங்கள்.

* காலர் வைத்த சட்டை அவசியம். லுங்கி? மூச்!

* ஆடும் நேரத்தை முன்பதிவு செய்யணும். பழகியதற்குச் சான்று கேட்கும் மைதானங்களும் உண்டு.

* பந்தின் எடை 46 கிராமுக்கும் குறைவு. கடல்காற்று அதை எங்கே கொண்டுபோகும் என்பது வருண பகவானுக்கே வெளிச்சம். காலையிலேயே ஆடுவது உத்தமம்.

விஷயம் நண்பரின் அப்பா காதுக்குப் போனது. ராஜா வாய்க்கால் பாசனத்தில் வாழை வைத்திருப்பவர். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏந்தம்பி, அத்தனை புல்லுக்கும் எந்த வாய்க்கால் தண்ணி பாயுது?"

நாங்கள் கப்சிப். வாய்க்காலை அடைத்துவிட்டால் வாழை படும் பாட்டைப் பார்த்தவர் கேட்கிற கேள்வியாச்சே!

அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். ஸ்காட்லாந்தின் பழைய கடலோர மைதானங்கள் உழவுக்கு ஆகாத மணல் மேடுகள். மழையையும் கடல்காற்றையும் நம்பி வளர்ந்த முரட்டுப் புல். குளிருக்கு ஆடுகள் ஒதுங்கிய பள்ளங்களே மணல்குழிகள் ஆயின என்பார்கள். வெயில் நாடுகளில் புதிதாக உருவாக்கும் மைதானங்கள் அப்படியில்லை, பாசனம் வேணும். சில இடங்களில் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சுகிறார்கள்.

நண்பரிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் லிஸ்டை வாங்கி, பாஸ்போர்ட்டுக்கும் மேலே எழுதினார்: 'புக் பண்ணும் முன் கேட்கவேண்டியது - தண்ணீர் எங்கிருந்து?'

அப்பாவுக்குப் பரம திருப்தி.

"பதினெட்டுக் குழிக்கா கண்ணு இலங்கை போற? மேக்காலத் தோட்டத்துல வாழைக்கு இருநூறு குழி எடுக்கோணும். அங்க பழகிட்டுப் போ!"

இப்போது நண்பர் மண்வெட்டியோடு தீவிரப் பயிற்சியில் இருக்கிறார்!