பாசிக்கு ஏன் 40,000 ரூபாய்?

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் உள்ள நோமா உணவகத்தில் 2023ஆம் ஆண்டில் ஒருவர் சாப்பிட, வைன் செலவைச் சேர்க்காமலே 500 டாலருக்குக் குறையாமல் ஆனது. அன்றைய கணக்கில் சுமார் 40,000 ரூபாய். ஆனால் அந்த உணவகம் பேர் வாங்கியதோ கடற்கரையில் தானாக முளைக்கும் கீரைக்கும், கலைமான் மேயும் பாசிக்கும், பிர்ச் மரத்தில் வடியும் சாற்றுக்கும், ஒருகட்டத்தில் எறும்புக்கும். இவற்றில் பலவற்றைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனால் போதும். ‘இதற்குப் போய் இவ்வளவா?’ என்று கேட்பவரை ரசனை தெரியாதவர் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பில்லை எடுத்துவைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. டென்மார்க் உள்ளிட்ட வட ஐரோப்பிய நார்டிக் நாடுகளின் உயர்ரக உணவகங்களைச் சாப்பாட்டுக் கடையாக எடைபோட்டால் கணக்கு எங்குமே நேராகாது. சாப்பாட்டுக் கூடம் ஒன்றை ஒட்டவைத்துக்கொண்ட ஆராய்ச்சிக் கூடமாக அவற்றைப் பார்த்தால் விலை ஏன் அப்படி என்பது புரியும். அவை செய்த நல்லதும் கெட்டதும்கூடப் புரியும்.

முதலில் இந்த விருந்து எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடலாம். இங்கே பரிமாறுவது டேஸ்டிங் மெனு; அதில் சாப்பிட வருபவர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. பல வாரங்களுக்கு முன்பே இடம் பிடித்து, பெரும்பாலும் பணத்தையும் கட்டிவிட்டு வருகிறார். மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல், பதினைந்து இருபது பதார்த்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு வாய், மிஞ்சினால் நான்கு வாய். பல உணவகங்களில் அதைக் கொண்டுவந்து வைத்து விளக்குபவர் சமைத்தவரேதான். வெள்ளை மேஜைவிரிப்போ வெள்ளிப் பாத்திரமோ கண்ணில் படாது. மரமேஜை, கையால் வனைந்த மண்தட்டு, நாற்காலியில் ஆட்டுத்தோல். மது வேண்டாதவருக்குப் பழச்சாறும் இலைச்சாறும் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பொருத்தமாக வரும். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை இதில் வேறுபாடு உண்டு. கோபன்ஹேகனின் ஜெரானியம் உணவகம் ஒரு கால்பந்து மைதானக் கட்டடத்தின் எட்டாவது மாடியில் இருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து அங்கே இறைச்சியே கிடையாது, காய்கறியும் கடலுணவும் மட்டும்தான். ஸ்வீடனின் யெம்ட்லாண்ட் காட்டுப்பகுதியில் 2019 வரை இயங்கிய ஃபேவிக்கன், ஸ்காலப் என்னும் பெரிய சிப்பியை எரியும் ஜூனிபர் கிளைகள்மேல் வாட்டி, ஓட்டுக்குள் அதன் சாறு தளும்பப் புகை மணத்தோடு கொண்டுவந்து வைத்தது. இடமும் காலமும் வாய்க்குள் தெரிய வேண்டும் என்பது இவற்றுக்கெல்லாம் பொதுவான கொள்கை.

அந்தக் கொள்கை பழம்பாரம்பரியம் ஒன்றும் இல்லை; பிறந்த ஆண்டைக்கூடச் சொல்லிவிடலாம். 2000க்கு முன் டென்மார்க்கில் வீட்டுச் சமையல் என்றால் பன்றிக்கறி, உருளைக்கிழங்கு, பழுப்பு நிறக் குழம்பு. விலையுயர்ந்த உணவகம் என்றால் பிரெஞ்சுச் சமையல். வெண்ணெயைத் தவிர முக்கியமானவை பலவும் தெற்கிலிருந்து வந்தன. 2003இல் தொழில்முனைவர் கிளாவ்ஸ் மேயரும் இளம் செஃப் ரெனே ரெட்ஜெப்பியும் நோமாவைத் திறந்தார்கள். இடம், 18ஆம் நூற்றாண்டுத் துறைமுகக் கிடங்கு. ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, ஃபாரோ தீவுகளிலிருந்து உலர்மீனும் தோலும் எண்ணெயும் வந்து இறங்கிய கட்டடம். ஆலிவ் எண்ணெய் கூடாது, எலுமிச்சை கூடாது, வடக்கில் விளைவதை வைத்தே சமைப்போம் என்று அவர்கள் சொன்னபோது, திமிங்கிலக் கடை என்று சக சமையல்காரர்களே கேலி செய்தார்கள். 2004இல் நார்டிக் பகுதியின் 12 செஃப்கள் பத்து அம்ச அறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டார்கள். பருவம், தூய்மை, விலங்கு நலம், உள்ளூர் விளைபொருள் ஆகியவற்றோடு உடல்நலமும் அதில் இருந்தது. அடுத்த ஆண்டே நார்டிக் நாடுகளின் அமைச்சர்கள் மன்றம் அதைத் தன் திட்டமாக ஏற்றுக்கொண்டது. 2010, 2011, 2012, 2014, 2021 என ஐந்து முறை நோமா உலகின் தலைசிறந்த உணவகமாகத் தேர்வானது.

விருதுகளைவிட, அந்தத் தடை என்ன வேலை செய்தது என்பதுதான் நம் வாதத்துக்கு முக்கியம். எலுமிச்சையை விலக்கியவுடன் சமையலறைக்கு ஒரு சிக்கல்: புளிப்புக்கு எங்கே போவது? கடலோரப் புதர்களில் காய்க்கும் ஆரஞ்சு நிற சீபக்தார்ன் பழம், பழுக்காத நெல்லி வகைகள், ருபார்ப் தண்டு என்று ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பார்த்தார்கள். காட்டெறும்பும் அந்தத் தேடலில் வந்ததுதான். அதன் உடலில் உள்ள ஃபார்மிக் அமிலம் எலுமிச்சைப் புல்லை நினைவூட்டும் புளிப்பைத் தருகிறது. 2012இல் லண்டன் ஹோட்டல் ஒன்றில் நோமா சமைத்தபோது முட்டைக்கோஸ் இலையில் எறும்பு வந்தது. பத்திரிகைகள் அருவருப்பையும் அதிர்ச்சியையும் எழுதின, புளிப்பின் கணக்கை எழுதியவர்கள் குறைவு. அடுத்த சிக்கல் குளிர்காலம். பல மாதங்களுக்கு மண்ணில் எதுவும் முளைக்காத நாட்டில் உள்ளூர்ச் சமையல் என்றால், வசந்தத்தையும் கோடையையும் ஜாடிக்குள் பிடித்துவைத்தாக வேண்டும். இதற்காகப் புளிக்கவைக்கும் முறைகளுக்கென்றே ஒரு தனிக் கூடம் உருவானது. அங்கே கண்டறிந்தவற்றை 2018இல் புத்தகமாகவும் போட்டார்கள். பிளம் பழத்தின் எடையில் 2 சதவீதம் உப்புச் சேர்த்து, காற்றை உறிஞ்சியெடுத்த பையில் அடைத்து, 28 டிகிரி வெப்பத்தில் சில நாள் வைத்தால், லாக்டிக் அமிலப் பாக்டீரியா பழத்தின் இனிப்பில் ஒரு பங்கைப் புளிப்பாக மாற்றிவிடும். பார்லியில் கோஜி என்ற ஜப்பானியப் பூஞ்சையை வளர்த்து மஞ்சள் பட்டாணியோடு மாதக்கணக்கில் ஊறவிட்டால், சோயாவே இல்லாத ஒரு மிசோ கிடைக்கிறது. ஒரு ஜாடி சரியாக வருவதற்குள் எத்தனையோ ஜாடிகள் குப்பைக்குப் போகும். விருந்தாளி நாலு வாயில் முடிக்கும் பதார்த்தத்தின் பின்னால் இத்தகைய பல மாதச் சோதனை நிற்கிறது. அவர் கட்டும் பணம் பாசிக்குப் போவதில்லை. அந்த மாதங்களுக்குப் போகிறது.

மாதங்கள் என்றால் யாருடைய மாதங்கள்? இங்கேதான் கணக்கு இடிக்கிறது. நோமாவின் ஒரு பதார்த்தம் வண்டு வடிவில் இருந்தது. பழக்கூழை மெல்லிய தகடாகக் காயவைத்து, அச்சில் வெட்டி, இடுக்கியால் துண்டு துண்டாக ஒட்டி, மினுமினுக்கும் வண்டாக்கி, பூச்சிகளைக் குத்திவைக்கும் பெட்டியில் வைத்துப் பரிமாறுவார்கள். வேலை கற்க வந்த ஒருவர், தன் பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதியில் நாள் முழுக்க இந்த வண்டுகளையே செய்துகொண்டிருந்ததாகப் பின்னர் பத்திரிகையிடம் சொன்னார். அவருக்குச் சம்பளம் கிடையாது. உலகெங்குமிருந்து சொந்தச் செலவில் வந்து இப்படி இலவசமாக உழைத்த பயிற்சியாளர்கள், நார்டிக் பாணியின் கண்ணுக்குத் தெரியாத மூலதனம். 2022 அக்டோபரில் நோமா அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியதும் மாதச் செலவு 50,000 டாலருக்குக் குறையாமல் கூடியது. மூன்றே மாதத்தில், 2023 ஜனவரியில், வழக்கமான உணவகமாக இயங்குவதை நிறுத்தப்போவதாக ரெட்ஜெப்பி அறிவித்தார். ஏறத்தாழ 100 ஊழியர்களுக்கு நியாயமான ஊதியமும் கொடுத்து, தரத்தையும் காத்து, வாடிக்கையாளர் தாங்கும் விலையிலும் விற்பது முடியாத காரியம் என்பது அவர் சொன்ன காரணம். நிறுத்துவதற்குக் குறித்த கெடு பின்னர் தள்ளிப்போனது. சொன்ன காரணம் மாறவில்லை. உலகிலேயே பேர்பெற்ற உணவகம் இவ்வளவு விலை வைத்தும் தன் உழைப்பாளர்களின் கூலியை முழுதாகத் தர முடியவில்லை என்றால், 40,000 ரூபாய் அதிகம் என்று சொல்வதற்கு முன், உண்மையான விலைக்கு அதுவே போதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதை மறுப்பவர்கள் மூன்று திசைகளிலிருந்து வருகிறார்கள். முதலாவது, இது வெறும் பகட்டு, பாசியைக் காட்டிப் பணக்காரர்களை மயக்கும் வித்தை என்பது. பகட்டு இல்லாமல் இல்லை. வெள்ளித் தட்டுக்குப் பதில் மண்தட்டு வைப்பதும் ஒருவகை அலங்காரமே. ஆனால் வெறும் வித்தை என்றால் அது சாப்பாட்டு மேஜையோடு முடிந்துபோயிருக்கும். முடியவில்லை என்பதற்கான சான்றைச் சற்றுப் பின்னால் பார்ப்போம். இரண்டாவது, இதில் நார்டிக் எங்கே இருக்கிறது, கோஜி ஜப்பானுடையது, பதார்த்தங்களைச் சிறிது சிறிதாக அடுக்கும் முறை பிரான்சிலும் ஜப்பானிலும் முன்பே இருந்தது என்பது. இது உண்மை, மறைக்கப்படாத உண்மையும்கூட. உள்ளூர் மரபை வெளியிலிருந்து வரும் சிந்தனைகளோடு சேர்க்க வேண்டும் என்று 2004 அறிக்கையே சொல்கிறது. எந்த ஊர்ச் சமையலும் தனித்துப் பிறந்ததில்லை. பொருள் உள்ளூராகவும் உத்தி எங்கிருந்து வேண்டுமானாலும் வந்ததாகவும் இருக்கலாம் என்பதை வெளிப்படையாகச் சொன்ன பிறகு, கலப்படம் என்று குற்றம் சாட்டுவதில் வலு இல்லை.

மூன்றாவது மறுப்பு கனமானது. எவ்வளவு ஆராய்ந்தால் என்ன, பலன் ஓர் இரவில் சில டஜன் பணக்காரர்களுக்குத்தானே? இதற்குக் கைவசம் சான்றுகள் இருக்கின்றன. கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் மேயரின் பங்கேற்போடு நடத்திய ஆய்வுத் திட்டம் ஒன்றில், பள்ளிப் பிள்ளைகள் 834 பேருக்கு இந்த நார்டிக் கொள்கைப்படி மதிய உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அதே திட்டத்தின் இன்னொரு சோதனையில், வயிற்றுப் பருமன் உள்ள பெரியவர்கள் 26 வாரம் கிழங்கு, முட்டைக்கோஸ், முழுத்தானியம், மீன், பெர்ரி என்று வடக்கின் விளைபொருளைச் சாப்பிட்டார்கள். எடை சராசரியாக 4.7 கிலோ குறைந்தது. வழக்கமான டேனிஷ் உணவு சாப்பிட்டவர்களுக்கு 1.5 கிலோ. அங்கே எறும்பும் இல்லை, இடுக்கியும் இல்லை. 2013இல் மேயர் பொலிவியாவின் லா பாஸ் நகரில் குஸ்து உணவகத்தைத் தொடங்கினார். அங்கே டேனிஷ் பதார்த்தம் ஒன்றுகூடப் போகவில்லை. போனது கொள்கை மட்டும்தான். பொலிவியாவில் விளைவதை மட்டும் வைத்துச் சமைப்போம் என்று, வசதியற்ற குடும்பத்து இளைஞர்களுக்கு அங்கேயே பயிற்சி கொடுத்தார்கள். கோபன்ஹேகனிலோ நோமாவில் வேலை பார்த்தவர்கள் டாக்கோ கடையும் நடுத்தர விலை உணவகமும் திறந்தார்கள். நோமாவின் ஆதரவோடு ஒரு ரொட்டிக்கடையும் வந்தது. ஒரு ரொட்டி வாங்க மூன்று மாதம் முன்பே இடம் பிடிக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சிக் கூடத்தை அதன் வாசலில் நிற்கும் கார்களை வைத்து அளப்பதில்லை. அது கண்டுபிடித்தது எவ்வளவு தூரம் போனது என்பதை வைத்தே அளக்கிறோம். அந்த அளவில் இவர்களுக்குக் குறைந்த மதிப்பெண் போட முடியாது.

ஆனால் இந்தப் பாராட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இலவச உழைப்பையும் நியாயப்படுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. சமையல் கைத்தொழில், குருவின் அடுக்களையில் கூலியில்லாமல் நின்றால்தான் கற்க முடியும், வந்தவர்கள் விரும்பித்தான் வந்தார்கள் என்பது அவர்கள் வாதம். கற்பது என்றால் நாளுக்கொரு வேலை கைமாற வேண்டும். ஒரே வண்டை மாதக்கணக்கில் ஒட்டுபவர் முதல் வாரத்திலேயே கற்க வேண்டியதைக் கற்றுவிட்டார். அதன்பின் அவர் கொடுப்பது உற்பத்தி. விரும்பி வந்தார்கள் என்பதும் முழு உண்மை ஆகாது. ஊதியமில்லாமல் சில மாதம் விலைவாசி மிகுந்த நகரில் தங்க முடிந்தவர்தான் வர முடியும் என்றால், திறமைக்கு முன் வீட்டு வசதி வடிகட்டிவிடுகிறது. அடுக்களையின் அதிகார முறையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தான் நெடுங்காலம் ஊழியர்களைத் திட்டியும் தள்ளியும் வேலை வாங்கியதாக 2015இல் ரெட்ஜெப்பியே எழுதினார். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காம்பியாவிலிருந்து வந்து, நோமா திறந்த ஆண்டிலிருந்தே பாத்திரம் கழுவிய அலி சோன்கோ 2017இல் அந்நிறுவனத்தின் பங்குதாரர் ஆக்கப்பட்டார். பங்கு கொடுக்க மனம் இருந்த இடத்தில், பயிற்சியாளர் கூலிக்கு மட்டும் இன்னும் ஐந்தாண்டு ஆனது.

ஆக, பாசிக்கு 40,000 ரூபாயா என்ற கேள்விக்கு என் பதில் இரண்டு பகுதி கொண்டது. ஆராய்ச்சிக்கான விலை என்றால் அதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். வசதி உள்ளவர் கட்டிய பணத்தில் பொதுவுக்குப் பயன்பட்ட அறிவு பிறந்திருக்கிறது. ஆனால் ஆராய்ச்சிக் கூடம் என்ற பெயர் வேண்டுமென்றால் அதன் ஒழுங்கும் வேண்டும். அங்கே உதவியாளருக்கும் சம்பளம் உண்டு, கண்டுபிடித்தவர் பெயரும் வெளியே வரும். இத்தகைய உணவகத்தில் இடம் பிடிப்பவர் கேட்க வேண்டியது, மீன் எந்தக் கடலில் பிடித்தது, காளான் எந்தக் காட்டில் பறித்தது என்பதை மட்டும் அல்ல. அவற்றை அந்த உணவகங்கள் கேட்காமலே சொல்லும். இடுக்கியைப் பிடித்த கைக்கு அந்த மாதம் எவ்வளவு கூலி என்று கேட்க வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்தால் விலை இன்னும் ஏறும், சில கடைகள் மூடும், பதார்த்தங்கள் இருபதிலிருந்து எட்டாகக் குறையும். அதில் நஷ்டம் என்று எதுவும் இல்லை. வடக்கின் குளிரில் விளைவதை வைத்து நன்றாகச் சமைக்க முடியும் என்பதை நிரூபிக்க எட்டுப் பதார்த்தமே தாராளம்.