கூகையின் காதும் டீசல் எஞ்சினும்

அந்தக் கால வயல் அமைதியாக இருந்தது என்று சொல்பவர் வயலில் நின்றிருக்க மாட்டார். ஏர் ஓட்டுகிறவர் மாட்டை அதட்டுவார். நடவுப் பெண்கள் குலவையிடுவார்கள். கதிர் முற்றினால் தகர டின்னைத் தட்டிக் குருவி விரட்டுவார்கள். ஆனால் அது விட்டுவிட்டு வரும் சத்தம், பொழுது சாய்ந்தால் ஓய்ந்துவிடும். போரடிக்கிற நாட்களில் இரவிலும் களத்தில் ஆள் இருக்கும்தான். வைக்கோல்மேல் மாடு சுற்றி வருவதில் என்ன பெரிய சத்தம்?

இரவு கூகையின் வேலை நேரம். அதன் காதுத் துளைகள் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்றே மேலே, மற்றது கீழே. இரண்டிலும் ஒலி சேர்வதில் உள்ள நுண்ணிய வித்தியாசத்தை வைத்தே, கும்மிருட்டிலும் எலி எங்கே சரசரக்கிறது என்று கண்டு பாயும்.

இன்று காவிரிப் படுகையில் அறுவடை என்றாலே மெஷின்தான். அறுக்க ஆள் கிடைப்பதில்லை. காலையில் பனி காயும்வரை வண்டி இறங்காது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக நெல்லை எடுக்கமாட்டார்கள். காலையில் போன நேரத்தை இருட்டிய பிறகு பிடிக்க வேண்டியிருக்கிறது. மழை மிரட்டினால் கேட்கவே வேண்டாம், விளக்கைப் போட்டுக்கொண்டு ராத்திரியும் ஓட்டுவார்கள். விளைந்ததைக் காப்பாற்றத் துடிப்பவரை இதற்காகக் குறை சொல்வது நியாயமில்லை.

அறுவடையாவது சில நாளில் முடியும். தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினின் சத்தம் பருவம் முழுக்க விடாது. மழைக்கால இரவில் ஆண் தவளை கத்துவதே பெண் தவளைக்குக் கேட்கத்தான். போர்செட்டுக்குப் பக்கத்துக் குட்டையில் அந்தக் குரல் இரைச்சலில் முங்கிப்போகிறது.

ஜப்பானில் எலியின் சரசரப்பு போன்ற ஒலியை ஒலிக்கவிட்டுக் காட்டு ஆந்தைகளைச் சோதித்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில், வாகன இரைச்சல் கூடக்கூட அவை இரையைக் கண்டுபிடிப்பது குறைந்தது. சாலையிலிருந்து 120 மீட்டர் தள்ளியும் பாதிப்பு தெரிந்தது. அங்கே சத்தம் சாலையுடையது. ஆனால் காதை நம்பி வேட்டையாடும் பறவைக்கு எஞ்சின் எங்கே ஓடினால் என்ன?

வேடிக்கை என்னவென்றால், எலி பிடிக்க ஆந்தை வந்து உட்காரட்டும் என்று வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டுவைப்பவர்களும் நாம்தான். நல்ல யோசனை, செலவும் இல்லை. அந்த மட்டையை எஞ்சின் கொட்டகையை விட்டுத் தள்ளி நடலாம். சைலன்சர் ஓட்டையாகிக் கிடந்தால் அதையும் மாற்றிவிடலாம். எலி மருந்து வாங்கும் காசைவிட அதற்கு ரொம்பக் கூடுதலாகிவிடாது.