பாலையில் ஒரு பொன்னகர்

தமிழ் நூலார் நிலத்தை நான்காகப் பகுத்தனர். ஐந்தாவதாகிய பாலைக்கு அவர் தனி நிலம் வகுத்திலர். முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெம்மையால் தம் இயல்பு திரிந்து நிற்கும் நிலையே பாலை என்பது சிலப்பதிகாரத்தின் கருத்தாகும். அத்தகைய பாலை, மழை பெய்தால் மறைந்து போகும். ஆனால் ஆண்டு முழுவதும் பாலையாகவே கிடக்கும் நிலமும் நம் நாட்டில் உண்டு. இராஜஸ்தானின் மேற்குப் பகுதியில் பரந்து, எல்லை கடந்து பாகிஸ்தானிலும் விரிந்து கிடக்கும் தார்ப் பாலைவனமே அது. அதன் நடுவே அமைந்த பழம்பதி ஜெய்சல்மேர்.

சென்னையில் ஓராண்டில் ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. ஜெய்சல்மேரில் பெய்வதோ ஏறத்தாழ 20 சென்டிமீட்டரே. சில ஆண்டுகளில் அதுவும் பொய்த்துவிடும். இத்தகைய இடத்தில் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நகரம் நிலைத்திருப்பது வியப்பன்றோ! அங்குச் செல்வோர் பலர் முதலில் ஒட்டகம் ஏறவும் மணற்குன்றில் நிற்கவுமே விரைகின்றனர். மணலைக் காண்பதினும், அம்மணலில் மனிதர் நீரை எவ்வாறு தேக்கினர், எவ்வாறு காத்தனர் என்பதைக் காண்பதே பெரும்பயன் தருவதாகும்.

நகரின் நடுவே திரிகூடம் என்னும் குன்று நிற்கிறது. அதன் மேல் கி.பி. 1156-இல் பாட்டி மரபைச் சேர்ந்த இராவல் ஜெய்சல் என்னும் மன்னன் கோட்டை எடுத்தான். அவன் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. சமவெளியினின்று ஏறத்தாழ 250 அடி உயரத்தில், 99 கொத்தளங்களோடு அக்கோட்டை விளங்குகிறது. மதிலும் மாளிகையும் வீடும் கோயிலும் மஞ்சள் நிறக் கல்லாலேயே அமைந்தவை. ஆதலின் மாலை வெயில் படும்போது கோட்டை முழுவதும் பொன்னாலாயது போல் ஒளிரும். வங்கத் திரைக்கலைஞர் சத்யஜித் ராய் 1974-இல் எடுத்த 'சோனார் கெல்லா' என்னும் படத்தின் பெயருக்குப் 'பொற்கோட்டை' என்பதே பொருள். 2013-இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை இராஜஸ்தான் மலைக்கோட்டைகளுள் ஒன்றாக உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது.

நம் நாட்டுக் கோட்டைகள் பலவற்றில் இன்று வௌவாலும் காவலாளருமே வாழ்கின்றனர். ஜெய்சல்மேர்க் கோட்டை அவ்வாறன்று. அதனுள் இன்றும் ஆயிரக்கணக்கான மக்கள் குடியிருக்கின்றனர். வாயில் நான்கையும் கடந்து உட்சென்றால் குறுகிய தெருக்களும், கடைகளும், முற்றத்தில் விளையாடும் சிறுவரும் காணப்படுவர்.

கோட்டையினுள் சமணக் கோயில்கள் சில உள்ளன. அவற்றின் தூண்களிலும் விதானங்களிலும் உள்ள சிற்ப வேலைப்பாடு கண்ணைக் கவரும். எனினும் தமிழ் பயில்வார் அங்குக் கருத்தூன்ற வேண்டியது, கோயிலைச் சார்ந்த ஞானபண்டாரம் என்னும் ஏட்டுச் சாலையேயாகும். 12-ஆம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற ஓலைச்சுவடிகள் அங்குப் பாதுகாக்கப்பெற்றுள்ளன. தமிழ்நாட்டின் ஈரக்காற்றிலும் செல்லின் வாயிலும் ஓலை நெடுங்காலம் நிலைப்பதில்லை. அதனாலேயே நம் முன்னோர் ஏடுகளைத் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதிக் காத்தனர். பயிருக்குப் பகையாகிய பாலையின் வறட்சி, ஏட்டுக்கு நட்பாயிற்று.

ஆயினும் இக்கோட்டைக்கு இன்று ஓர் இடுக்கண் நேர்ந்துள்ளது. பகைவர் படையால் வந்ததன்று அது, நீரால் வந்தது. குன்று உறுதியான பாறையன்று. மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காய் அமைந்தது. முற்காலத்தில் கோட்டைவாசிகள் கீழிருந்து குடத்தில் நீர் சுமந்து ஏறினர். சுமந்து வந்த நீரை எவர்தாம் வீணாக்குவர்? மழைநீரோ தக்க வடிகால்கள் வழியே வெளியே ஓடிற்று. பின்னர்க் குழாய் நீர் வந்தது. தங்கும் விடுதிகள் பெருகின. பயன்படுத்திக் கழித்த நீர் குன்றினுள் கசிந்து களிமண்ணை இளக்கியது. கொத்தளங்கள் சில சரிந்தன. 2024 ஆகஸ்டு மாதத்தில் பெய்த கனமழையில் மதிலின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. நீரின்மையைத் தாங்கி நின்ற கோட்டை, நீர் மிகுதியைத் தாங்க மாட்டாமல் தளர்கிறது. ஆதலின் கோட்டையைக் காணச் செல்வோர் இரவில் கீழே நகரில் தங்குவதே நன்று.

கோட்டையின் கீழே வணிகர் கட்டிய மாளிகைகள் உள்ளன. அவற்றை அவ்வூரார் ஹவேலி என்பர். இந்தியாவுக்கும் மேற்காசியாவுக்கும் இடையே ஒட்டகச் சாத்துகள் சென்ற வழியில் இந்நகர் இருந்தமையால், இங்குச் செல்வம் குவிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த பட்வா ஹவேலிகள் ஐந்தும் ஒரே வணிகர் குடும்பத்தினுடையவை. கல்லைத் துணிபோல் நெய்தனரோ என்னும்படி அமைந்தவை அவற்றின் சாளரங்கள். பம்பாய்த் துறைமுகம் வளர்ந்து வணிகம் கடல்வழிச் சென்றபின் நகரின் செல்வம் குன்றியது. 1947-இல் நாடு பிரிந்தபோது மேற்குநோக்கிய பழம்பாதையும் அடைபட்டது.

நகரின் தென்கிழக்கே கடிசர் ஏரி இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் மகாராவல் கட்சி என்னும் மன்னன் பெயரால் அமைந்த இவ்வேரியே நெடுங்காலம் நகர மக்களின் உயிர்நாடியாக இருந்தது. ஏரிக்குச் செல்லும் வழியில் தீலோன் என்னும் கணிகை ஒரு வாயில் எடுப்பித்தாள் என்றும், கணிகை கட்டிய வாயிலின் கீழ் மன்னர் செல்வது இழுக்கு என்று அரசவையார் தடுத்தபோது, அவள் அதன் உச்சியில் கண்ணனுக்குக் கோயில் அமைத்துவிட்டாள் என்றும் கதை வழங்குகிறது. கோயிலை இடிக்க எவர் துணிவர்? வாயில் இன்றும் நிற்கிறது. இந்நாளில் பஞ்சாபிலிருந்து வரும் இந்திரா காந்திக் கால்வாயின் நீரும் இவ்வேரிக்கு உதவுகிறது.

நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் குல்தரா என்னும் பாழூர் உள்ளது. நேரிய தெருக்களும் கூரையிழந்த கல்வீடுகளும் வரிசை வரிசையாய்க் கிடக்கின்றன. பாலிவால் அந்தணர் வாழ்ந்த ஊர் இது. 19-ஆம் நூற்றாண்டில் சாலிம் சிங் என்னும் அமைச்சனின் கொடுமை பொறாது, ஒரே இரவில் ஊரார் அனைவரும் சாபமிட்டு நீங்கினர் என்று கூறுவர். பேய் உலவும் ஊர் என்று சொல்லிக் காசு பெறுவாரும் உளர். நீர் குறைந்து, வரி மிகுந்து, ஊர் சிறுகச் சிறுக மெலிந்தது என்று ஆய்வாளர் கருதுவர். பேய்க்கதை கேட்டு மீள்வோர், இவ்வூரார் கற்றிருந்த பெருங்கலையைக் காணாமலே மீள்கின்றனர்.

அக்கலையாவது 'கடீன்' என்னும் வயல் முறை. சுற்றிலும் பாறை நிலம் சரிந்து வரும் இடத்தைத் தேர்ந்து, தாழ்ந்த பகுதியின் குறுக்கே மண்ணால் நீண்ட கரை எடுப்பர். ஒரு பங்கு வயலுக்கு ஏறத்தாழ பதினைந்து பங்கு மேட்டு நிலத்தின் மழைநீர் அங்கு ஓடிவந்து தேங்கும். மிகுந்த நீர் வழிந்தோட மறுகாலும் உண்டு. தேங்கிய நீர் மண்ணில் ஊறி வற்றியபின், அவ்வீரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைப்பர். பின்னர் ஒரு துளி மழையும் வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் நீரோடு வண்டல் வந்து படிதலால் மண்ணும் வளம் குன்றாது. 20 சென்டிமீட்டர் மழையில் கோதுமை விளைவித்த இம்முறை, பாலிவால் குடியினர் 15-ஆம் நூற்றாண்டிலிருந்தே கையாண்டதாகும். அவர் ஊரை விட்டு நீங்கினர். கடீன்கள் பல இன்றும் விளைகின்றன. ஏரியும் மறுகாலும் அறிந்த தமிழ் உழவர் எவரும் இவ்வயலைக் கண்டால், வினவாமலே அதன் பயனை உணர்ந்துகொள்வர்.

அங்கு நம்மவர்க்கு அறிமுகமான மரமும் ஒன்றுண்டு. நம் நாட்டுக் கோயில்கள் சிலவற்றில் தலமரமாய் நிற்கும் வன்னியே அது. அங்கு அதனைக் கேஜ்ரி என்பர். வேர் மிக ஆழச் செல்லுதலால் கோடையிலும் பசுமை மாறாது. தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனியாகும்; காய் மக்களுக்குக் கறியாகும்.

பார்மேர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் சென்றால் ஆகல் என்னுமிடத்தில் கல்மரங்களைக் காணலாம். ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்குப் பெருங்காடு இருந்தது. மண்ணில் புதையுண்ட அடிமரங்களில் நீர் வழியே கனிமச்சத்து புகுந்து, மரத்தின் இழைதோறும் படிந்து, வடிவம் கெடாமல் கல்லாக்கியது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலும் இத்தகைய கல்மரங்கள் உள்ளன. ஆனால் அவற்றின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டே. வடமேற்கிலுள்ள பழந்தலைநகர் லோதுர்வாவில் சமணக் கோயிலையும், வடக்கே படாபாகில் மன்னர்களின் நினைவு மண்டபங்களையும் பொழுதிருப்போர் காணலாம்.

மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் சம் என்னும் மணற்குன்றுகள் உள்ளன. காற்று ஒருபுறம் மணலைச் சரிவாய் ஏற்றி, மறுபுறம் செங்குத்தாய் வீழ்த்துதலால் குன்றுகள் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும். மாலையில் கூட்டமும் கொட்டு முழக்கமும் மிகுதி. வைகறையில் சென்றால் மணலில் காற்று வரைந்த அலைகளையும், வண்டும் ஓணானும் நடந்த சுவடுகளையும் தெளிவாகக் காணலாம்.

இப்பகுதியைச் சூழ்ந்து 3,162 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் பாலைவனத் தேசியப் பூங்கா உள்ளது. கானமயில் என்னும் பெரும்பறவையின் கடைசிப் புகலிடம் இதுவே எனலாம். முன்னர்த் தமிழ்நாட்டிலும் திரிந்த இப்பறவை இன்று நாடு முழுவதிலும் ஏறத்தாழ 150 என்னும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. நின்றால் மூன்றடி உயரம். ஆண் 15 கிலோகிராம் வரை எடையுடையது. வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே முட்டையிடும். எதிரே உள்ளதைக் காணும் ஆற்றல் குறைவாதலால், பறக்கையில் மின்கம்பிகளில் மோதி மடிகிறது. கதிரவனாலும் காற்றாலும் மின்சாரம் ஆக்கும் நிலையங்கள் இப்பாலையில் பெருகிவிட்டமையால் கம்பிகளும் பெருகின. 2019-இல் சம் பகுதியில் இதற்கு ஓர் இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பெற்றது. அங்கு 2024-இல் செயற்கை முறைக் கருவூட்டலால் முதற்குஞ்சு பொரித்தது. இப்பறவையைக் காண விரும்புவோர் வனத்துறையினரின் இசைவு பெற்று, அவர் காட்டும் வழியிலன்றிச் செல்லலாகாது. ஐப்பசி முதல் மாசி வரையுள்ள குளிர் மாதங்களே அதற்கு ஏற்ற காலமாகும்.