திரும்பி வருவியோன்னோ?

வீட்டில் ஒருவனுக்கு விசா வேண்டியிருக்கிறது என்று ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் சொல்லிப் பாருங்கள். காபி ஆறுவதற்குள் சித்திரை வீதி வரைக்கும் யோசனை சொல்லக் கிளம்பிவிடும்.

"கோட் போட்டுண்டு போகச் சொல்லு."

"கோட்டா? ஓவரா தெரியும். சிரிச்ச மூஞ்சியா இருந்தா போதும்."

"சிரிச்சா சந்தேகப்படுவான் சார்!"

என் தம்பி திருச்சியில் வேதியியல் பிஎச்.டி. முடித்தவன். பேட்டரி ஆராய்ச்சி. 2024 கடைசியில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு வருஷ ஆராய்ச்சி வேலை கிடைத்தது. நான் பி.காம். பேட்டரி என்றால் டார்ச் லைட்டில் போடுவது என்கிற அளவுக்கு ஞானம். ஆனாலும் வீட்டுக்கு எந்த ஃபாரம் வந்தாலும் என் தலையில்தான் விழும். காமர்ஸ் படித்தவனாச்சே!

இந்த மாதிரி ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரும்பாலும் ஜே-1 விசா. முதலில் பல்கலைக்கழகம் டிஎஸ்-2019 என்ற தாளை அனுப்ப வேண்டும். அதை வைத்து சீவிஸ் கட்டணம் 220 டாலர் கட்டினோம். பிறகு டிஎஸ்-160 ஃபாரம், விசாவுக்கு 185 டாலர், கைரேகை, கடைசியில் பேட்டி.

தாள் வந்தது. பெயரைப் பார்த்ததும் பகீரென்றது! பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. டிகிரி சர்டிபிகேட்டில் வெறும் இனிஷியல். நம் விஞ்ஞானி டிகிரியைப் பார்த்து எழுதி அனுப்பியிருக்கிறான். பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் இருக்க வேண்டும் என்று மெயில் போட்டு, திருத்திய தாள் வர ஒரு வாரம் ஆயிற்று. இனி அங்கே அவனை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அப்பா இருந்திருந்தால், "விழுப்புரம் தாண்டாத நான் அமெரிக்கா போறேன் பாரு" என்று சிரித்திருப்பார்.

இத்தனைக்கும் நடுவில் அம்மா மட்டும் நிம்மதியாக இருந்தாள். காரணம், நான் சொன்ன ஒரு விதி. ஒருவருடைய துறை அவருடைய நாட்டுக்குத் தேவை என்று அமெரிக்கா வைத்திருக்கும் பட்டியலில் இருந்தால், ஜே-1 முடிந்ததும் அவர் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். விலக்கு வாங்கினால் ஒழிய, அதுவரை ஹெச்-1பியும் கிடையாது, க்ரீன் கார்டும் கிடையாது.

"அவாளே திருப்பி அனுப்பிடுவாளாம்!" அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

2024 டிசம்பர் 9 அன்று அந்தப் பட்டியலிலிருந்து இந்தியாவை எடுத்துவிட்டார்கள். அரசாங்கப் பணத்தில் போகிறவர்களுக்கும், மருத்துவப் பயிற்சிக்குப் போகிற டாக்டர்களுக்கும் நிபந்தனை அப்படியேதான் இருக்கிறது. தம்பி இரண்டிலும் சேர்த்தியில்லை.

"அம்மாகிட்ட சொல்லாதேண்ணா" என்றான். சொல்லிவிட்டேன். மறைத்து எழுதுகிற கணக்கு எனக்கு வராது.

அம்மா பேசவே இல்லை. சமாதானத்துக்குக் கணித மேதை ராமானுஜனைத் துணைக்கு இழுத்தேன். 1914 மார்ச் 17 அன்று சென்னையில் அவர் கப்பல் ஏறியபோது விசா தேவைப்படவில்லை. தாயார் கோமளத்தம்மாளின் சம்மதம்தான் தேவைப்பட்டது. நாமகிரித் தாயார் கனவில் உத்தரவு கொடுத்த பிறகே அதுவும் கிடைத்தது என்பார்கள்.

"அப்படிப் போனவர்தாம்மா எஃப்.ஆர்.எஸ். ஆனார்."

"திரும்பி எப்படி வந்தார்னும் நேக்குத் தெரியும்டா."

1919ல் நோயோடு வந்தார். அடுத்த வருஷமே, 32 வயதில் போய்விட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

2025 ஜனவரியில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடித்து இரண்டு பேரும் சென்னை போனோம். பட்டியல் போனாலும் சட்டம் போகவில்லை. சொந்த ஊரை விட்டுவிடும் எண்ணம் இல்லை என்று பேட்டி எடுக்கும் அதிகாரிக்கு நம்பிக்கை வர வேண்டும். உள்ளே போனவனிடம் மூன்றே நிமிஷம்தான் பேசினார்களாம். வெளியே வந்ததும் அம்மாவுக்கு போன் போட்டான்.

"கிடைச்சுடுத்தும்மா!"

"சந்தோஷம்டா. திரும்பி வருவியான்னு கேட்டாளோ?"

"கேட்டா."

"என்ன சொன்னே?"

"வருவேன்னு சொன்னேம்மா."

"அவாகிட்ட இங்கிலீஷ்ல சொன்னே. என்கிட்ட தமிழ்ல சொல்லு."

தம்பி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கொஞ்ச தூரம் தள்ளிப் போனான். அவன் என்ன சொன்னான் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று நிமிஷத்துக்கு மேலேயே ஆயிற்று.